கண்ணாடியில் விழுந்த கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. பாவாடை சட்டை போட்ட ஒரு வயதுக் குழந்தை. நெற்றிச்சுட்டி, பூ ஜடை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. பார்க்கிறவர்கள் பெண் குழந்தை என்றுதான் நினைப்பார்கள். ஆண் பிள்ளை. மொட்டை போடுவதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் ஒரு தடவை பெண் வேஷம் கட்டி, பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஜடை தெரிவதற்காகக் குழந்தைக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைப்போம். இந்தப் படத்திலும் கண்ணாடியில் ஜடை தெரிகிறது. ஜடைக்குப் பக்கத்தில், கண்ணாடியின் ஓரத்தில், ஒரு பெண்ணின் கையும் தெரிகிறது. வளையல் போட்ட கை. ஆள்காட்டி விரல் நீட்டியிருக்கிறது. குழந்தையின் கண்ணுக்குக் கீழே ஒரு துளி கண்ணீர் விழாமல் நிற்கிறது. ஆனால் குழந்தை அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு, கேமராவுக்கு ஒரு சாண் தள்ளி எதையோ வேடிக்கை பார்க்கிறது. அது பார்ப்பது என் மனைவியை. அந்தக் கையும் அவளுடையதுதான்.

நான் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்த பிள்ளைகளில் கணிசமான பேர் என் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. என் முகம் அப்படி. குரலும் அப்படி. சாதாரணமாக "உக்காருங்க" என்று சொன்னாலே சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார்கள். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. வராததை முயற்சி செய்தும் பார்த்திருக்கிறேன். குழந்தையைப் பார்த்து நான் சிரித்தால் அது இன்னும் பலமாக அழும். பெரியவர்களின் பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண போட்டோ, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ எதிலும் எனக்குக் கஷ்டம் இருந்ததில்லை. முதல் பிறந்தநாள் போட்டோ என்றால் மட்டும் காலையிலேயே தலைவலி ஆரம்பித்துவிடும்.

உள்ளதைச் சொன்னால், குழந்தைகள் அழுததற்கு என் முகம் பாதிதான் காரணம். மீதிப் பாதி கூட வருகிற ஜனங்கள். ஒரு குழந்தைக்குப் பத்துப் பேர் வருவார்கள். தூங்குகிற நேரத்தில் எழுப்பி, பாலைச் சரியாகக் கொடுக்காமல், குத்துகிற ஜரிகைத் துணியை மாட்டி, கண்ணில் மையை அப்பிக் கொண்டுவருவார்கள். ஸ்டூலில் உட்காரவைத்ததும் பத்துப் பேரும் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டுவார், ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டுவார், இன்னொருவர் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். "இங்க பாரு, இங்க பாரு, காக்கா பாரு" என்று பத்து வாயும் சேர்ந்து கத்தும். எதிரே ஆயிரம் வாட்ஸ் விளக்கு. யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள். கலெக்டரை உட்காரவைத்து இப்படிச் செய்தாலும் அழுவார். அழுததும், "என்ன போட்டோகிராபர் நீ, ஒரு கொழந்தைய சிரிக்க வைக்கத் தெரியல" என்று என்னைக் கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். நான் பதில் சொன்னால் கொஞ்சம் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இதைவிட மோசம் வரிசை தெரியாமல் வருகிறவர்கள். முதலில் போட்டோ, அப்புறம் கோயில், மொட்டை, காதுகுத்து. இதுதான் சரியான வரிசை. நல்ல நேரம் போகிறது என்று அவசரப்பட்டு மொட்டையை முதலில் போட்டுவிட்டு, காதும் குத்திவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு வீங்கிப்போன காதோடு கதறக் கதறத் தூக்கிவந்து, "பூ வெச்சு எடுக்கணும்" என்பார்கள். எங்கே வைப்பது? தலை இருக்கிறது, முடி இல்லை. முடி திரும்ப வளரும், ஆனால் அந்த முதல் முடி வராது. அம்மாக்காரி அழுவாள், குழந்தையும் அழும், தாய்மாமன் என்னிடம் சண்டைக்கு வருவான். எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

என் மனைவி ஸ்டூடியோவுக்குள் வந்தது தற்செயலாக. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கேரியரில் எடுத்துக்கொண்டு வருவாள், வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். வெளியாட்கள் முன்னால் தலை நிமிர்ந்துகூடப் பேசமாட்டாள். வீட்டில் எனக்கு எப்போதும் "நீங்க, வாங்க"தான். ஒருநாள் ஒரு குழந்தை வெகுநேரமாக அழுதுகொண்டிருந்தது. எனக்குப் பசி. அவள் தாமதமாக வந்தாள். வந்த கோபத்தையெல்லாம் அவள்மேல் காட்டினேன்.

"மணி இன்னாவுது? மனுஷன் சாப்புட்றதா வேணாமா?"

அன்று அவளுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. கேரியரைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"யோவ், தெருக்குழாயில தண்ணி எப்ப வந்துச்சு தெரியுமா ஒனக்கு? நாலு கொடம் தூக்கிட்டு, அடுப்புல ஊதி ஊதிக் கண்ணு போயிட்டு, வெயில்ல நடந்து வரேன். வயிறு பொறுக்கலன்னா மோட்ட பாத்துக்கினு ஒக்காரு. கத்தாத."

அவளிடமிருந்து "யோவ்" என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கிலுகிலுப்பை நின்றுபோனது. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு, கண்ணை அகல விரித்து அவளையே பார்த்தது. கண்ணீர் கன்னத்தில் இருக்கிறது, முகத்தில் அழுகை இல்லை. என் கை தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. அந்த மாதத்தில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பெரியவர்கள் எல்லோரும் தன்னையே பார்க்கும்போது குழந்தைக்குப் பயம் வருகிறது. என்னமோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் சண்டை போட்டால் யாரும் குழந்தையைப் பார்ப்பதில்லை. அதற்கு நிம்மதி. அது பாட்டுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. அடுத்தவர் வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பதில் மனுஷனுக்கு இருக்கிற ஆசை, பல் முளைப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது என்பதுதான் நான் தொழிலில் கற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஸ்டூடியோவுக்குப் பின்கட்டிலேயே குடியும் வந்துவிட்டோம். குழந்தை அழ ஆரம்பித்ததும் உள்கதவைத் தட்டுவேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவாள். குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கேமராவுக்கு இடது பக்கம் நின்றுகொண்டு "யோவ்" என்று ஆரம்பிப்பாள். குழம்பில் உப்பு கம்மி, மண்ணெண்ணெய் வாங்கிவரவில்லை, சினிமாவுக்குக் கூட்டிப்போகவில்லை, எது வேண்டுமானாலும் வரும். நானும் பதிலுக்குக் கத்துவேன். எனக்கு அது சுலபம். கத்திக்கொண்டே ஒரு கண் குழந்தைமேல் இருக்கும். வாய் திறந்து, கண் விரிந்து, அழுகை மறந்துபோகிற ஒரு நொடி வரும். அமுக்கிவிடுவேன். அவள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுப்பில் பால் இருக்கும்.

வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிலர் தங்களுக்குத் தோன்றியதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். "அக்கா, நல்லா கேளுக்கா, எங்க வீட்லயும் இதே கததான்" என்று ஒரு அம்மாள் பின்னாலிருந்து சொன்னதில் அவள் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. ஆண்களுக்கு இது விளையாட்டு என்று புரிய வெகு நேரம் ஆகும். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடுப்பா, பொம்பளகிட்ட போயி" என்று சமாதானம் செய்தார். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஆரம்பித்ததும் அந்தப் பெண் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து என்னமோ திட்டினாள். படம் நன்றாக வந்தது. அவள் என்னிடம் கடைசி வரை பேசவில்லை. ஊரில் எங்கள் ஸ்டூடியோவுக்குப் போர்டில் இருந்த பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். "புருசன் பொண்டாட்டி சண்ட போடுவாங்களே, அந்த ஸ்டூடியோ" என்றால் ரிக்‌ஷாக்காரன் கொண்டுவந்து இறக்குவான்.

இப்படிச் சண்டையே தொழிலாக இருந்த எங்களுக்குள் ஒரு உண்மையான சண்டை வந்தது. காரணம் என் மச்சான், அவளுடைய அண்ணன். அவர் வேங்கிக்காலில் வீடு கட்டினார். இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கிற பக்கம், அப்போது ஏரியும், நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையும்தான். வீடு குடிபுகுந்த அன்று வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து குரூப் போட்டோ எடுத்தேன். படத்தில் மச்சான் கண்ணை மூடிவிட்டார். வீட்டுக்காரரே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். இன்னொரு தடவை எல்லோரையும் கூப்பிடுகிறேன், திரும்ப எடு என்றார். கண்ணை மூடியது நீங்கள், நான் எதற்குத் திரும்ப எடுப்பது என்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னது சரி. முப்பது பேர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அவருக்கு மட்டும் என்ன?

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் அண்ணனுக்காகப் பேசினாள். நான் கத்தினேன். "அவ்ளோ பாசம்னா உங்க அண்ணன் வீட்லயே இருந்துக்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அவள் எங்கள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு, ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தேன்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நெல்லும் மல்லாட்டையும் போடுகிற விவசாயக் குடும்பம். அப்பா, அம்மா, தாய்மாமன், குழந்தை. நான்கே பேர். எனக்கு அதுவே பிடித்திருந்தது. வரிசையும் தெரிந்தவர்கள், மொட்டைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். குழந்தைக்குப் பாவாடை கட்டி, இருக்கிற கொஞ்சம் முடியில் சவுரியைச் சேர்த்துப் பூ ஜடை தைத்து, அந்தப் பெண் எவ்வளவோ பொறுமையாக அலங்காரம் செய்திருந்தாள். கோயிலில் நாவிதரும் காது குத்துகிற பத்தரும் காத்திருந்தார்கள். பத்தரை மணிக்கு ராகு காலம். அதற்குள் தலையில் கத்தி பட்டுவிட வேண்டும். ராகு காலம் முடிவதற்குள் உச்சிப்பொழுது வந்துவிடும், அதன்பிறகு மொட்டை போடமாட்டார்கள்.

குழந்தையை ஸ்டூலில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தது. ஆரம்பித்துவிட்டது.

"அக்கா இல்லீங்களாண்ணா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எந்த அக்கா?"

"ஒங்கள திட்டுவாங்களே, அந்த அக்கா. அதுக்குன்னுதான் இங்க வந்தோம்."

"ஊருக்குப் போயிருக்குது" என்றேன்.

தாய்மாமன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நெசமாலுமே சண்ட போட்டுக்கினு பூட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தான்.

கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தோம். டம்ளர் தட்டினோம். கடைசியில், மனைவி இல்லாவிட்டால் என்ன, சண்டைதானே வேண்டும் என்று தாய்மாமனை இடது பக்கம் நிற்கவைத்து, என்னைத் திட்டச் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, நீங்க வந்து… கொஞ்சம் நேரத்தோட வீட்டுக்கு வரலாம் இல்லீங்களாண்ணே" என்றான். இப்படித் திட்டினால் யார் வேடிக்கை பார்ப்பார்கள்? "நல்லா திட்றா" என்று நான் ஒரு கத்து கத்தினேன். அவனே நடுங்கிவிட்டான். குழந்தை மூச்சு பிடித்து நீலமாகிறவரைக்கும் அழுதது. அதன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போதும், வா. நேரமாவுது. மொட்ட போட்டுட்டு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தப் பெண் நகரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள். அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"மொத புள்ளைக்கும் இப்டித்தாண்ணா போனோம், வேற ஸ்டூடியோவுக்கு. அழுதுச்சு. அப்பறம் பாத்துக்கலாம்னு வந்துட்டோம். அப்பறம் அது இல்ல. மூஞ்சி இப்ப சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

தாய்மாமன் வெளியே போய் நின்றுகொண்டான். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். சைக்கிள் சாவியை எடுத்தேன். "இங்கியே இருங்க. பால் குடு. வெளக்க அணைச்சுட்றேன், கொழந்த கொஞ்சம் அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வேலூர் ரோட்டில் அன்றைக்கு மிதித்த மாதிரி நான் எப்போதும் சைக்கிள் மிதித்ததில்லை. மச்சான் வீட்டு வாசலில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாப்ள" என்றார் மச்சான், ஏதோ வரி கட்ட வந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா வேணுமாம்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஸ்டூடியோல ஒரு கொழந்த அழுவுது" என்றேன்.

"எந்தக் கொழந்ததான் அழுவல அங்க?"

நான் சுருக்கமாகச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர், மொட்டை, பத்தரை மணி, முதல் பிள்ளை. முதல் பிள்ளைக்குப் படம் இல்லை என்று சொன்னதும் முறம் நின்றது. கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள், முறத்தைச் சுவரில் சாய்த்தாள், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கொழந்தைக்காக வரேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் கண்ண மூடுனத பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று மச்சான் அவளைக் கேட்டார்.

"நீ சும்மா இருண்ணா" என்றாள்.

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். வழக்கமாக என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், அன்றைக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மலையை எதிரே பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

ஸ்டூடியோவுக்குப் போனபோது குழந்தை அடங்கியிருந்தது. அவள் நேராக உள்ளே போய்விட்டாள். விளக்கைப் போட்டதும் திரும்ப விசும்ப ஆரம்பித்தது. தொண்டை கட்டிவிட்டதால் சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் வைத்தோம். கண்ணாடியைப் பின்னால் திருப்பி நிறுத்தினேன். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. ஃபோகஸ் பார்த்துவிட்டுக் கையில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உள்கதவைத் தட்டினேன். வழக்கப்படி "யோவ்" வரும், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றேன்.

அவள் வந்து இடது பக்கம் நின்றாள். விரலை நீட்டினாள்.

"இத பாருங்க" என்றாள்.

யோவ் இல்லை. நீங்க. தொழிலுக்குப் போடுகிற சண்டை இல்லை இது, வீட்டுச் சண்டை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அறையில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் சிரிப்பதற்காகவே முந்தானையை வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"ஊர்ல இருக்கற கொழந்தைங்க எல்லாம் அழுதா நிக்கறீங்க. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் நிக்கறீங்க. திரும்பத் திரும்ப எடுக்கறீங்க. கொழந்த கண்ண மூடுனா, நீதான மூடுன, போன்னு சொல்றீங்களா? எங்க அண்ணன் ஒரே ஒரு தடவ கண்ண மூடிட்டாரு. பொறந்ததுல இருந்து வாடக வீட்ல இருந்த மனுஷன், மொத மொதல்ல சொந்த வாசல்ல நிக்கறாரு, கண்ணுல தண்ணி வந்துச்சு, மூடிட்டாரு. அதுகூடத் தெரியாத போட்டோகிராபர் நீங்க. அவருக்கு ஒரு நிமிஷம் நிக்க முடியல ஒங்களால. எனக்காகவும் நிக்க முடியல. அழுவுற கொழந்தைக்கு இருக்கற மரியாத எங்களுக்கு வேணாமா?"

குரலை அவள் உயர்த்தவே இல்லை. விரல் மட்டும் என்னை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் பதிலுக்குக் கத்த வேண்டும், அதுதான் முறை. ஒன்றும் வரவில்லை. சண்டையில் நான் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. குழந்தை விசும்புவதை நிறுத்திவிட்டது. ஒரு துளி கண்ணுக்குக் கீழே அப்படியே நிற்க, வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்க்கிறது. எனக்கு அது தெரிகிறது. ஆனால் என் கை பொத்தானை அமுக்கவில்லை. நானும் குழந்தை மாதிரியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவள் ஓரக்கண்ணால் குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சொன்னது காதுல உழுந்துச்சா? உழுந்துச்சுன்னா அமுக்குங்க" என்றாள்.

அமுக்கினேன்.

அவர்கள் குழந்தையை வாரிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். பத்தரைக்கு முன்னாலேயே கத்தி பட்டுவிட்டது என்று படம் வாங்க வந்தபோது தாய்மாமன் சொன்னான். படத்தை முதலில் வாங்கிப் பார்த்தவர் அப்பா. "கேமராவ பாக்கலியே, எங்கியோ பாக்குதே" என்றார். அந்தப் பெண் அவர் கையிலிருந்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்காவ பாக்குதுயா. பாக்கட்டும்" என்றாள். அவர்களுக்குக் கொடுத்த படத்தில் கண்ணீரை டச்சிங் செய்து எடுத்துவிட்டேன், கையையும் வெட்டிவிட்டேன். எனக்காக ஒரு பிரதி போட்டேன். அதில் எதையும் எடுக்கவில்லை. அதுதான் கூடத்தில் இருப்பது.

படம் எடுத்த அன்று அவள் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்; சாயங்காலமே நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கேமரா சும்மாதான கெடக்குது, வாசல்ல வந்து நில்லுங்க" என்றேன். மச்சான் உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றார். எடுத்தேன். கண்ணை மூடிவிட்டார். இன்னொன்று எடுத்தேன். அதிலும் மூடிவிட்டார். என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அடுத்ததற்குத் தயாரானேன். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியாக எடுத்ததில் மச்சான் கண்ணைத் திறந்திருந்தார். பேயைப் பார்த்தவர் மாதிரி அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தார். அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். நல்ல படம் என்று எல்லோரிடமும் சொல்வார்.

அவள் அன்றைக்கே என்னோடு வந்துவிட்டாள். சைக்கிளில் பெண் குழந்தை முன்னால், அவள் பின்னால். எதைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அடுத்த வாரம் செங்கத்திலிருந்து ஒரு குழந்தை வந்து அழுதது. உள்கதவைத் தட்டினேன். "யோவ்" என்று வந்தாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. அன்று மண்ணெண்ணெய்க்காகச் சண்டை. பலமாகக் கத்தினேன்.

ஸ்டூடியோவை மூடி வருஷக்கணக்காகிறது. வருத்தம் ஒன்றுமில்லை. இடுப்புவலி குறைந்தது, மத்தியானத்தில் தூங்க முடிகிறது. இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, ஒரு நொடியில் இருபது படம் எடுக்கிறார்கள், நல்லதுதான். எனக்கு அப்போது இது கிடைத்திருந்தால் தொண்டை இவ்வளவு கெட்டிருக்காது.

இந்தத் தை மாதம் எங்கள் பேரனுக்கு முதல் பிறந்தநாள். அன்றைக்கு வேங்கிக்காலுக்குத் தூக்கிப்போன அதே பெண்ணுக்கு வெகு நாள் கழித்துப் பிறந்த மகன். கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். பாவாடை, பூ ஜடை எல்லாம் உண்டு. மச்சானும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் பலூனைப் பார்த்து அழுதான், ஜனங்களைப் பார்த்து அழுதான், என்னைப் பார்த்து ரொம்ப நன்றாக அழுதான். பத்துப் பேர் பத்து போனை நீட்டிக்கொண்டு "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்தினார்கள். நாற்பது வருஷத்தில் ஜனங்கள் மாறவில்லை. என் பெண் போனை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சும்மாதான இருக்கீங்க. ஆரம்பிங்களேன்" என்றாள்.

என் மனைவிக்கு இப்போது முழங்கால் வலி. எழுந்து நிற்கவே கொஞ்சம் நேரமாகும். மெதுவாக எழுந்து, என் பெண்ணுக்கு இடது பக்கம் வந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோவ்" என்றாள். "காலையில இருந்து எங்க அண்ணன் வந்து ஒக்காந்திருக்காரு. ஒரு வாய் காப்பி வேணுமான்னு கேட்டியா நீ?"

"கண்ணத் தொறந்து வெச்சிருந்தா கேட்டிருப்பேன். தூங்கறாருன்னு நெனச்சேன்" என்றேன்.

"நான் எப்ப கண்ண மூடுனேன்?" என்றார் மச்சான்.

பேரன் அழுகையை விட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். என் பெண் எடுத்துவிட்டாள். அப்புறம் போனை என்னிடம் காட்டினாள். படம் நன்றாக இருந்தது. பையன் கேமராவுக்கு ஒரு சாண் தள்ளிப் பார்க்கிறான். ஓரத்தில் ஒரு விரல் வந்து விழுந்திருக்கிறது. வளையல் தெரியவில்லை, தோல் சுருங்கியிருக்கிறது, நீட்டுகிற விதம் மட்டும் அதேதான். "அம்மா கை உழுந்துடுச்சுப்பா, கட் பண்ணிடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எல்லோரும் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்து பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கீழ்பென்னாத்தூர்ப் பையனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். படத்தில் அந்தத் துளி இன்னும் விழவில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து என் பக்கம் நீட்டிய அந்த விரலை அவள் இன்னும் மடக்கவில்லை.